ஒன்பது பிகோகிராம்

ஆறே முக்காலுக்கே வெயில் வந்து
தோட்டப்பாளையத்தில் எங்கள் ஷட்டரைத் தொட்டுவிடும்.
பூட்டுக்குக் குனியும்போது முதுகில் நிற்கும்,
வரிசையில் முதல் ஆளாக.

இரண்டாவது ஆள் கஜபதி.
ரயில்வேயில் கீமேன். லத்தேரிப் பக்கம்
நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை,
தோளில் நீளச் சுத்தியல்,
தளர்ந்த சாவியைத் தட்டித் தட்டி இறுக்கும் வேலை,
இருபத்தாறு வருஷமாக.

நான்காய் மடித்து மடிப்பிலேயே கிழிந்த சீட்டு.
கால்சியம். கிரியாட்டினின்.
மூன்றாவது வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன்:
வைட்டமின் டி, ஆக்டிவ்.

"ஆக்டிவா இருக்கனான்னு பாக்கறதாம்மா?
அதான் நடந்துகினே இருக்கனே."

சிரித்தேன். விலையைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது.

வழக்கமாக எழுதுவது இன்னொரு டி.
அது இருப்புக் கணக்கு, விலையும் பாதிக்குக் கீழே,
மதியத்துக்குள் இங்கேயே முடிந்துவிடும்.
சிலர் கைதவறி இதை எழுதிவிடுவார்கள்.
போன் போட்டுக் கேட்பேன், மாற்றிக்கொள்வார்கள்,
யாருக்கோ ஒரு மாத வாடகையில் பாதி மிஞ்சும்.
இன்றும் கேட்டேன்.
"இல்ல ஷமீனா, அதேதான். கிட்னி கேஸ்."

கையை நீட்டச் சொன்னேன்.
முழங்கைக்கு வெளிப்பக்கம் கருங்கல்.
உள்மடிப்பில் வேறு யாரோ ஒருவர்,
வெளுத்து, பச்சை நரம்போடு.
அந்த இரண்டு அங்குலத்தில்தான் எனக்கு வேலை.
"சுருக்குன்னு இருக்கும்."
"சித்திரைல தண்டவாளத்தத் தொட்ட கைம்மா இது."

குழாய் நிறைவதைப் பார்த்தபடியே கேட்டார்:
"வெயில்ல கிடைக்கறதுதான இது?
எனக்கா கொறையும்?"

வேலூரில் உட்கார்ந்துகொண்டு
இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.
இங்கே வெயிலைக் குறை சொல்லலாம்,
குறைவென்று சொல்ல முடியாது.

தோலில் ஏறுது, என்றேன்.
கல்லீரல்ல ஒரு ஸ்டாப்பிங். அங்கேர்ந்து வந்து இருப்பா கிடக்கும்.
கடைசி வேலை கிட்னியில.
அது முடிஞ்சாதான் குடல் அதோட பேச்சைக் கேட்கும்,
சோத்துல இருக்கற கால்சியத்தை எடுத்து உள்ளே விடும்.

"ஜோலார்பேட்டைல இன்ஜின் மாத்துவாங்களே, முன்ன."
ஆமாம், அந்த மாதிரி.
"மாத்தலன்னா வண்டி அங்கியே நிக்கும்."

பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் பிரித்து,
உறையவைத்து, பெங்களூர் வண்டிக்குக் கட்டினேன்.
வெயிலில் பிறந்த ஒன்றை
ஐஸில் புதைத்து அனுப்புகிற தொழில்.
(என்னுடைய இருப்பு பதினொன்று.
ஏசி அறை, முழுக்கை, பர்தா.
யாரும் எனக்குச் சீட்டு எழுதவில்லை,
சும்மா போட்டுப் பார்த்தேன்.)

ஆறாம் நாள் ரிப்போர்ட்.
கூடவே பார்க்கச் சொல்லியிருந்த இருப்பு, முப்பத்தெட்டு.
குறைவே இல்லை, என்னைப் போல் மூன்று மடங்கு.
ஆக்டிவ், ஒன்பது பிகோகிராம்.
இருபதாவது இருக்க வேண்டும்.

பிகோகிராம் என்றால்
ஒரு கிராமை லட்சம் கோடியாக்கி, அதில் ஒன்று.
பட்ஜெட் செய்தியில் மட்டுமே கேட்கிற எண்.
அத்தனை சிறியதில்
பதினொன்று குறைந்ததற்குத்தான்
இந்த மனுஷனுக்கு ராத்திரி இடுப்பெலும்பு குடைகிறது.

நாலரைக்கு வந்தார். சுத்தியல் இல்லை.
"ஒம்போதா?" என்றார்.
எதற்கு ஒன்பது என்று கேட்கவில்லை.
மாற்றின இன்ஜினையே மாத்திரையாகத் தருவாங்க,
டாக்டரைப் பாருங்க, என்றேன்.
சொன்ன பிறகுதான் மலிவாகப் பட்டது,
அவர் உவமையை அவருக்கே திருப்பிக் கொடுத்தது.
அவர் கேட்டது வேறு:
"லைட் டூட்டி போட்டுடுவானுங்களா?"

தெரியாது என்றேன். தெரியாது.

பேப்பரை நான்காய் மடித்துக்கொண்டு இறங்கினார்.
எங்கள் வரிசைக் கடைகளின் நிழல்
பாதித் தெருவை மூடியிருந்தது அப்போது.
ஆடும் மாடும் ஆட்டோவும் அந்தப் பக்கம்.
அவர் மட்டும் எதிர்ப்பக்கம் கடந்து,
வெயிலிலேயே போனார்,
தரையைப் பார்த்தபடி,
எங்கேயாவது ஒன்று தளர்ந்திருக்குமோ என்று.